கியூபாவைக் கோவில்பட்டியில் கண்டுபிடித்தவர்

கண்டுபிடிப்பாளர்களில் இரண்டு சாதி உண்டு. இல்லாத ஒன்றை உண்டாக்குகிறவர்கள் முதல் சாதி. அவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, பாவம், அவர்கள் ஏதாவது ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார்கள். இரண்டாவது சாதி, ஏற்கெனவே எங்கேயோ சௌக்கியமாக இருந்துகொண்டிருக்கிற ஒன்றைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து அதைத் தாமே பெற்றுப் பேர் வைத்துக் காது குத்தியது மாதிரி நடந்துகொள்கிறவர்கள். ஒருவர் மலைத்தேனைக் கண்டுபிடித்திருப்பார். ஒருவர் மதுரையில் ஒரு சந்துக்குள்ளே இருக்கும் புரோட்டாக் கடையைக் கண்டுபிடித்திருப்பார். ஒருவர் முழங்கால் வலிக்கு எண்ணெய் கொடுக்கிற வைத்தியரைக் கண்டுபிடித்திருப்பார், உங்களுக்கு முழங்காலில் வலி இல்லை என்று சொன்னால் மனம் உடைந்துபோவார். இவர்கள் இல்லாத ஊர் ஏது? எங்கள் கோவில்பட்டியில் இருந்தவர் கியூபாவைக் கண்டுபிடித்தார்.

பெயர் சங்கரபாண்டியன். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகம் ஒன்றில் சூப்பர்வைசர். மயில் படத்தில் நீலம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தால்கூட மெஷினை நிறுத்தச் சொல்கிறவர். நிறுத்தச் சொல்வது அவருக்குத் தொழில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பு நடந்தது 1993-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு. நேரத்தை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், நீங்கள் கேட்காமலே. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த மச்சான் செண்பகராஜ், தன் தங்கைக்கு என்று ஒரு குடையும் நாலு சோப்பும் ஒரு கேசட்டும் வாங்கி வந்திருந்தான். தங்கைக்கு என்று. அதாவது சங்கரபாண்டியனின் மனைவி முத்துசெல்விக்கு. கேசட்டில் மொத்தம் ஒன்பது பாட்டுகள், எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாடியவை, கியூபாக்காரப் பெண்களும், நியூயார்க்கில் போய்க் குடியேறிய அவர்கள் பக்கத்துப் பெண்களும் பாடியவை. அட்டையில் இருந்த பெயர்களெல்லாம் கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டு அழிந்து, 'கியூபா' என்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. முத்துசெல்வி அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு, கேசட்டை எடுத்து எந்தப் பக்கம் என்று பார்க்காமல் போட்டாள். 'பி' பக்கம், மூன்றாவது பாட்டு. இரண்டு கைத்தாளம், ஒரு மத்தளம், தொண்டையில் கொஞ்சம் மணல் கலந்த ஒரு பெண்குரல். அவள் அப்படியே கரண்டியோடு நின்றுவிட்டாள். இரண்டு நிமிஷம் போயிருக்கும். அந்தப் பெண் மூச்சை இழுத்து எதற்கோ தயாராகிற இடம் வந்தது. அப்போதுதான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நம்மாள் கூடத்துக்குள் வந்து, டக்கென்று நிறுத்தினார்.

"ஏட்டி, இது என்ன பாட்டுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுங்க. நல்லாருக்கு. விடுங்களேன்."

"நல்லாருக்குன்னு சொல்லிட்டாப் போதுமா? இது என்னன்னு தெரிஞ்சுல்லா கேக்கணும்!"

அதுதான் கண்டுபிடிப்பு. அந்தப் பாட்டு அந்த இடத்தைத் தாண்டி அடுத்த எட்டு வருஷம் போகவே இல்லை.

அதற்கப்புறம் அவர் படித்தார். படிப்பைக் குறை சொல்ல முடியாது. நகராட்சி நூலகத்தில் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் 'சி' தொகுதியை மூன்று மாதம் அவர் ஒருவர்தான் தொட்டார். கியூபாவின் சிற்றலை வானொலி ஒன்றுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் அனுப்பிய காலண்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்தில் மத்தளத்தைக் காப்பாற்றிய கதை, அது ஸ்பானிஷ் பாட்டோடு கலந்த கதை, பிறகு நியூயார்க் தெருக்களில் கறுப்பர்களின் பாட்டோடு கலந்து புதுசாக ஒன்று பிறந்த கதை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்தனையும் உண்மை, அத்தனையும் அருமையான விஷயம். ஆனால் எந்தப் பாட்டின் நடுவில் சொன்னார் என்பதில்தான் வந்தது வினை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சபை கூடும். சபை என்றால் நானும், அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டும் மாயகிருஷ்ணனும்தான். நாங்கள் இசைக்காகப் போனோம் என்று நினைத்துவிடாதீர்கள். முத்துசெல்வி போடும் டீக்கும், கூடவே வரும் கடம்பூர் போளிக்கும் போனோம். முதலில் ஜன்னல்கள் சாத்தப்படும். அடுத்து மின்விசிறி நிற்கும், ஏனென்றால் அது உறுமுவதில் சின்ன மத்தளம் அடிபட்டுப்போகிறதாம். கோவில்பட்டி வெயிலில், சாத்திய அறையில், விசிறி இல்லாமல், நெய்ப்போளி தின்றிருக்கிறீர்களா? நான் தின்றிருக்கிறேன். பிறகு பீரோ திறக்கப்படும். கேசட் பீரோவுக்குள் துணி சுற்றி இருக்கும், பீரோச் சாவி அவருடைய அரைஞாணில் இருக்கும். வேறு யாரும் தொட்டால் நாடா தேய்ந்துவிடுமாம். தங்கைக்கு அண்ணன் கொடுத்த கேசட்டுக்கு இந்தக் காவல்.

பிறகு பாட்டு ஆரம்பிக்கும். அவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. டக், டக், டக், கொஞ்சம் விட்டு, டக் டக். அஞ்சு அடி. அந்த நாட்டு இசைக்கு அதுதான் முதுகெலும்பு, இரண்டு குச்சியைத் தட்டி அவர்கள் வாசிப்பது. நாங்களும் ஆளுக்கொரு தீப்பெட்டி வாங்கித் தட்ட வேண்டும். மாயகிருஷ்ணனுக்கு எட்டு வருஷமாக நாலாவது அடி வரவில்லை. "விட்டுட்டீரு, விட்டுட்டீரு" என்று பாட்டு நிற்கும். பின்னால் ஓட்டித் திரும்பப் போடுவார். பத்து வினாடியில், "இப்ப வரும் பாருங்க" என்று விரலைத் தூக்குவார். வரப்போவது வருவதற்குள், வரப்போவதைப் பற்றிச் சொல்வதற்காக நிறுத்துவார். ஓர் ஊதுகுழல் வந்தால் நிறுத்துவார். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று நிறுத்துவார். அந்தப் பொத்தானில் எழுத்தெல்லாம் அழிந்து, அவருடைய கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழியே விழுந்துவிட்டது.

பாடிய பெண்களுக்கு அவரே பட்டப்பெயர்கள் வைத்திருந்தார். ஒருவர் ஆறுதல் அம்மா, ஒருவர் அதிகார அம்மா. 'பி' பக்கம் மூன்றாவது பாட்டுக்காரி, கண்ணீர் அம்மா.

"இவிய யாருன்னு நெனைக்கீங்க? கரும்புக் காட்டுல புருசனப் பறிகொடுத்தவிய. அந்தத் துக்கம் தொண்டையில கெடந்து அரைக்குது, கேக்குதா? இந்தா, இந்த எடத்துல மூச்ச இழுக்காவல்லா? இதுக்கு மேல அழுகதான்."

"அண்ணாச்சி, ஸ்பானிஷ் எங்கன படிச்சீங்க?" என்றான் மாயகிருஷ்ணன்.

"துக்கத்துக்கு என்னலே பாஷ? உணர்ச்சி இருந்தாப் போதாதா?"

மாயகிருஷ்ணன் போளியை வாயில் போட்டுக்கொண்டான். வாய் அடைபட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

தனியாக இருக்கும்போதாவது முழுசாகக் கேட்டிருக்க மாட்டாரா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். முத்துசெல்வியிடமே கேட்டேன். "தனியா இருந்தாலும் நிறுத்துதாவ அண்ணாச்சி. நிறுத்திட்டு நோட்டுல எழுதுதாவ" என்றாள். அதாவது, சபை இல்லாத நாளில் அவர் தமக்கே விளக்கிக்கொண்டார்.

இதில் நஷ்டம் யாருக்கு? எனக்கும் மாயகிருஷ்ணனுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நாங்கள் வந்தது போளிக்கு. ஆனால் முத்துசெல்வி ஒரு காலைப்பொழுது கரண்டியோடு நின்று கேட்டவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை கேட்பதற்குப் பதிலாக அவள் இதைக் கேட்பாள். என் முன்னாலேயே ஒரு தடவை கேட்டாள்.

"என்னங்க, அந்த மூணாவது பாட்ட ஒரே ஒரு தடவ முழுசா விடுங்களேன். அது எப்படி முடியுதுன்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

"முடியிறதுல என்ன இருக்கு செல்வி? நீ மொதல்ல ஆரம்பத்தப் புரிஞ்சுக்கோ."

ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே அவள் மாவாட்டிக்கொண்டே அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். நன்றாகவே முனகினாள். அந்த மூச்சிழுக்கிற இடம் வந்தது. நின்றுவிட்டாள். கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். அதற்கு மேல் அவளிடம் பாட்டு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் சங்கரபாண்டியனின் இரண்டு கட்டைவிரலையும் கட்டிங் மெஷினில் கொடுக்கலாமா என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போய்ப் போளி தின்றேன்.

2001, ஆவணி மாதம். முத்துசெல்வியின் சொந்த ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அங்கே சுடலைமாடன் கோயில் கொடை, எங்கள் பக்கத்தில் சாமிக்கு எடுக்கிற திருவிழாவுக்கு அதுதான் பேர். மாப்பிள்ளை என்ற முறையில் சங்கரபாண்டியனுக்கு அழைப்பு, கறிச்சாப்பாடு என்ற முறையில் எனக்கும். எட்டயபுரத்தில் பஸ் மாறும்போது பார்த்தேன், மனுஷன் மடியில் டேப் ரெக்கார்டரைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். மாமனார் வீட்டுச் சனங்களுக்கும் கியூபாவைக் காட்டிக்கொடுக்க வேண்டுமாம்.

போய் இறங்கினால் ஊரில் கரண்ட் இல்லை. டேப்பில் கிடந்த பேட்டரி எந்தக் காலத்திலோ ஒழுகிப் பச்சை பூத்திருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. அப்போது கோயில் பக்கமிருந்து கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு கிழித்துக்கொண்டு வந்தது. மைக்செட்டுக்கு ஜெனரேட்டர் உண்டே! மைக்செட் போட்டிருந்தவன் கடற்கரை, முத்துசெல்விக்குச் சித்தப்பா மகன்.

சங்கரபாண்டியன் மைக்செட்டைப் பார்த்தார். கேசட் போடுகிற இடத்தைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் ஸ்டாண்டில் நின்ற மைக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். எட்டு வருஷமாக இரண்டே பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தவருக்கு எதிரே ஓர் ஊர், கையில் ஒரு மைக்.

"கடற்கர, இத 'பி' பக்கம் மூணாவது பாட்டுல வச்சுக்கோ. நான் கையத் தூக்குனா நிறுத்தணும். நான் மைக்குல பேசுவேன். கையக் கீழ போட்டா திரும்பப் போடணும். சரியா?"

"சரி அத்தான். பாட்டு ஓடும்போது மைக்க ஆஃப் பண்ணித்தான் வைக்கணும், இல்லேன்னா கீச்சுன்னு கத்தும். நீங்க கையத் தூக்குங்க, நான் பாத்துக்கிடுதேன்."

உச்சி வேளை. மதியக் கொடைக்குப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றி நாலு ஊர்ச் சனம். ஆட்டுக்கார வீடுகளிலிருந்து நேர்ந்துவிட்ட கிடாய்கள் மாலையோடு நின்றன. முத்துசெல்வி பெண்கள் கூட்டத்தில் பொங்கல் பானைக்கு முன்னால் இருந்தாள். கடற்கரை பொத்தானை அமுக்கினான்.

வேப்பமரத்து உச்சியில் கட்டியிருந்த கூம்பிலிருந்து கைத்தாளமும் மத்தளமும் கரிசல் காட்டுக்கு மேலே பரவின. பிறகு அந்தக் குரல். சனம் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தது. யாரும் "இது என்ன பாட்டு?" என்று கேட்கவில்லை. உறுமிக்காரர் ஒருவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, உறுமியைத் தோளில் மாட்டி, அந்த அஞ்சு அடியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மாயகிருஷ்ணனுக்கு எட்டு வருஷமாக வராத நாலாவது அடி அவருக்கு நாலு வினாடியில் வந்தது. பெண்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கரபாண்டியன் மைக்கைப் பிடித்தார், கையைத் தூக்கினார்.

கடற்கரை அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஜெனரேட்டர் வயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். பாட்டு நிற்கவில்லை. இவர் இன்னும் உயரத் தூக்கினார். இரண்டு கையையும் தூக்கினார். "நிறுத்துலே!" என்று மைக்கில் கத்தினார். மைக் ஆஃபில் இருக்கிறது, வாய் மட்டும் அசைகிறது. காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். மறுபடி உதைத்தார். கோபத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கண் சிவந்துவிட்டது. கோயில் வாசலில், கொடை அன்று, உச்சி வேளையில், உறுமிச் சத்தத்துக்கு நடுவில், இரண்டு கையையும் தூக்கி, நடுங்கி, காலை உதைத்து, சத்தமில்லாமல் வாயசைக்கிற ஒரு மனுஷனைப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சனம் என்ன நினைக்கும்?

"மாப்பிள்ளைக்குச் சாமி வந்துட்டுடோய்!" என்று கூவினார் கோயில் பெரியவர் தங்கப்பாண்டி. "கடற்கர, பாட்ட நிறுத்திராத! மேளம் அடிங்கலே! சாமி ஆடும்போது சத்தம் நிக்கப்படாது!"

நிமிர்ந்து பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோன கடற்கரை அதைத் திரும்ப இழுத்துக்கொண்டான். உறுமி இன்னும் வேகம் எடுத்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் சங்கரபாண்டியன் தலையில் இறங்கியது. நெற்றி நிறையத் திருநீறு. கையில் வேப்பங்குழை. இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் அவரை விழாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு திமிறினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு உக்கிரமான சாமி என்று சனம் கும்பிட்டது.

பெண்கள் பக்கத்தில் வேலுத்தாய் மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள், "ஏட்டி முத்துசெல்வி, ஒன் வீட்டுக்காரருக்கு இதுக்கு முன்னால வந்திருக்கா?"

அவள் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். பெண்கள் பக்கத்தில் அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பாட்டு அப்போது அந்த மூச்சிழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள், மேலே கூம்பைப் பார்த்தாள்.

"எட்டு வருசமா வருது மதினி. நடுவுல நிறுத்தத்தான் கூடாது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூச்சிழுக்கிற இடம் வந்தது. தாண்டியது. ஐயா, அழுகை ஒன்றும் வரவில்லை! அந்தப் பெண் யாரையோ வாய்க்கு வாய் கேலிபண்ண ஆரம்பித்தாள். ஆம்பிளைகள் கூட்டமாகப் பதில் சொன்னார்கள், அவள் அதற்கும் ஒன்று வைத்திருந்தாள். கைதட்டல் ஏறிற்று, ஊதுகுழல்கள் சண்டைக்கு வந்தன, அவள் அத்தனை பேரையும் ஒற்றைக் குரலில் ஓரம்கட்டிவிட்டு மேலே போனாள். பாஷை தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது. எட்டு வருஷமாகப் போளியை மென்றுகொண்டு இதையா தவறவிட்டேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. சங்கரபாண்டியனைப் பார்த்தேன். திமிறுவதை நிறுத்தியிருந்தார். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, வாயைத் திறந்தபடி கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. பாட்டின் அந்தப் பாதியை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்!

சாமி கொஞ்சம் தணிந்ததைப் பார்த்துத் தங்கப்பாண்டி பக்கத்தில் வந்து, காதோடு வாய் வைத்துக் கேட்டார், "சாமி, வெதப்புக்கு மழ எப்பம் வரும்?"

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார் சங்கரபாண்டியன்.

நான் பழகிய காலத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்று ஒரு தடவைதான். "சாமி உள்ளதச் சொல்லுது" என்று தங்கப்பாண்டி கும்பிட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

பாட்டு சடாரென்று நின்றது. முடிந்தே நின்றது. ஒரு நொடி காடு மேடெல்லாம் அமைதி. பிறகு கூம்பிலிருந்து அந்தப் பெண் சிரித்தாள். வயிறு குலுங்க, தன்னை மறந்து, ஒரு வேலையைத் திருப்தியாக முடித்தவள் சிரிக்கிற சிரிப்பு. பொங்கல் பானைகள் ஒரே சமயத்தில் பொங்கி வழிந்தன, பெண்கள் குலவையிட்டார்கள். முத்துசெல்வி குலவையிடவில்லை. முகத்தில் கண்ணீர் வழிய, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். சங்கரபாண்டியன் தலையில் இன்னும் மஞ்சள் காயவில்லை. எட்டயபுரம் வரும் வரைக்கும் மனுஷன் பேசவில்லை. எனக்கே பாவமாக இருந்தது, இனிமேல் திருந்திவிடுவார் என்று நம்பினேன். எட்டயபுரம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"செல்வி, கடசியில அவிய சிரிச்சாவல்லா, கவனிச்சியா? அதத்தான் நான் எட்டு வருசமாச் சொல்லிக்கிட்டு வாரேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். மூச்சிழுக்கிற இடம் வந்தது.

"ஒரு நிமிசம் நிறுத்து செல்வி, நீ அந்த எடத்துல தாளத்த..."

அவள் நிறுத்தவில்லை.

இவ்வளவுதான் சங்கரபாண்டியன். போனால் போகட்டும், அவரை விட்டுவிடுவோம். இதை இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நடுவில் எத்தனை தடவை நிமிர்ந்து, பக்கத்தில் தன்பாட்டுக்கு ஏதோ கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இங்கே பாரேன், இந்த இடத்தைக் கேளேன், அப்படியே நம்ம பக்கத்து வீட்டு ஆள்" என்று வாசித்துக் காட்டினீர்கள்? சந்தோஷம். அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஞாபகமிருக்கிறதா? அது எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியுமா?